நெஞ்சின் வடுவை அறியாத நிருவாகம் நிருவாகமாகுமா?

(ருவான்வெல்லையில் தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாள் முழுதும் மலையேறி இறங்கிய களைப்பையும் பாராது, மழையையும் பொருட்படுத்தாது, எட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்தும் புளத்கொஹுபிட்டியப் பக்கத்திலிருந்தும் நீங்கள் வந்து இம்மண்டபத்தை நிறைத்திருக்கிறீர்கள்.

இத்தகைய மேடைகளில் வழக்கமாகப் பேசப்படுவன சம்பளம், வீடு, காணி, மொழி ஆகிய நான்குமே. இன்று நாம் பேச வந்த பொருள் அந்நான்குக்கும் புறம்பானதன்று. அந்நான்குக்கும் அடியிலே கிடப்பது. துயரத்தால் அடிபட்ட மனிதன் ஓர் அரசாங்க மேசைக்கு முன்னால் வந்து நிற்கும்போது, அந்த மேசை அவனை எவ்வாறு நடத்துகிறது என்பதே அப்பொருள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அலுவலகத்திலே நாம் கண்ட காட்சியை முதலில் கூறுகிறோம். அலுவலகத்தின் பெயர் வேண்டா. பெயரைச் சொல்லி ஒருவரைப் பழிப்பது நமது நோக்கமன்று. மண்சரிவிலே மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அவன் பெயரில் வரவேண்டிய ஒரு சிறு கொடுப்பனவுக்காக வந்திருந்தார். முதலாவது மேசையில் இருந்தவர், “மகன் எப்படி இறந்தார்?” என்று கேட்டார். தாய் சொன்னார். இரண்டாவது மேசைக்கு அனுப்பினார்கள். அங்கும் அதே கேள்வி. மீண்டும் சொன்னார். மூன்றாவது மேசையில், “சடலம் எந்த நாளில் கிடைத்தது? முதலில் அடையாளங் காட்டியவர் யார்?” என்று கேட்டார்கள். வரிசையில் நின்ற எல்லோரும் கேட்கும்படி, சிங்களத்திற் கேட்டார்கள். அந்தத் தாய் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த கடதாசிகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். “இவர்கள் இப்படித்தான், கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது” என்று ஒரு குரல் எழுந்தது.

அந்த உத்தியோகத்தர் கெட்டவரல்லர். கடமை தவறியவருமல்லர். படிவத்தில் இருந்ததைத்தான் அவர் கேட்டார். ஆயினும் அன்று அந்தத் தாய் உரிமையோடு பெறவேண்டிய பணத்தைப் பெறாமலே மலையேறினார். குற்றம் ஒரு மனிதருடையது என்றால் அவரை மாற்றினால் தீர்ந்துவிடும். குற்றம் ஒழுங்கு முறையினுடையது. ஆதலால் ஒழுங்கு முறையை மாற்றவேண்டும். அதைக் கேட்கவே இங்கே கூடியிருக்கிறோம்.

வடு என்பது யாது?

உங்களிற் பலர் றப்பர் மரத்தோடு வாழ்கிறவர்கள். பால் வெட்டுங் கத்தி பட்டையை அளவோடு சீவினால் பால் வடியும். பட்டையும் மீண்டும் வளரும். கத்தி ஆழ்ந்து மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்திலே புதுப்பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்து வளரும். பின்னர் அங்கே ஒழுங்காக வெட்ட இயலாது. மரம் சாகவில்லை, நிற்கிறது. ஆனால் காயம் உள்ளே இருக்கிறது. அதை அறிந்த தொழிலாளி அந்த இடத்தில் கத்தி வைக்கும் முறையை மாற்றிக்கொள்கிறார். மரத்தின்மீது கோபித்துப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மனிதனும் அவ்வாறே. உயிருக்கே ஆபத்து நேரும் வேளையில் உடம்பு ஓட அல்லது எதிர்க்க ஆயத்தமாகிறது. இரண்டும் இயலாதபோது உறைந்து நிற்கிறது. ஆபத்து நீங்கிய பின்னரும் சிலருக்கு அந்த ஆயத்தநிலை நீங்குவதில்லை. கூரையில் மழை விழும் ஓசை கேட்டதும் நெஞ்சு படபடக்கும். நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது. துண்டு துண்டாக, காட்சி காட்சியாக வரும். சிலர் சிறு சொல்லுக்குச் சீறுவர். சிலர் கல்லாகச் சமைந்து போவர். சிலர் மதுவிலே மறக்கப் பார்ப்பர். இவற்றைப் பார்ப்பவன், “இவன் பொய்யன், இவள் திமிர் பிடித்தவள், இவன் குடிகாரன்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று நம் முன்னோர் சொன்னார்கள். அதை நாம் கேலிக்கே பயன்படுத்திவிட்டோம். அரண்டவனை இருட்டிலே நிறுத்திவைத்து விசாரிக்காதே என்பதே அதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநோய் வைத்தியராகப் பணிபுரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதற்கு ‘மனவடு’ என்று பெயரிட்டுத் தமிழிலேயே நூல் எழுதினார். வடு தனிமனிதனோடு நின்றுவிடுவதில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சமூகத்துக்கும் வடு உண்டு என்பதையும் அவர் விரித்துரைத்தார். வடக்குக் கிழக்கைப் பற்றி அவர் எழுதியதை நாம் படிக்கிறோம். சப்பிரகமுவத் தோட்டங்களின் வடுவைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்?

நமது வடுக்களின் கணக்கு

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைப் பண்டங்களைப்போல் எண்ணிப் பிரித்தது; 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று! தாய் ஒரு கரை, மகள் மறு கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை கடதாசி ஒன்றிலேயே பலருடைய தலைவிதி தொங்கியது. இன்று எழுபதும் எண்பதும் கடந்த ஒரு கிழவியிடம் ஓர் உத்தியோகத்தர், “பத்திரம் எங்கே?” என்று அதட்டினால் அவர் கை ஏன் நடுங்குகிறது என்று இப்போது விளங்குகிறதா?

1977 ஓகஸ்டில் நடந்த வன்செயல் மலையகத்தையும் விட்டுவைக்கவில்லை. அதை ஆராய முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. 1980இல் அதன் அறிக்கை வெளிவந்தது. மை உலர்ந்து ஓராண்டு ஆவதற்கிடையில், 1981 ஓகஸ்டில், நமது மாகாணத்தின் மற்றப் பாதியாகிய இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலே லயங்கள் எரிந்தன. மக்கள் காடுகளில் ஒளிந்தனர். அடுத்து வந்தது 1983 யூலை. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிப்போய், அங்கே இன்னொரு போரில் அகப்பட்டன. ஆணைக்குழுக்களின் அறிக்கைகள் நூலகங்களில் உள்ளன. எரிந்த லயத்தைக் கண்ட குழந்தையின் நெஞ்சை ஆற்ற எந்த அலுவலகத்தில் ஒரு மேசை போட்டார்கள்?

மனிதன் இழைத்த கொடுமைக்கு மேல் மலையும் நம்மீது விழுந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. 2016 மே 17ஆம் நாள், நமது கேகாலை மாவட்டத்திலேயே, அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, சிங்களக் கிராமத்து மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அதே நாளில் அண்டையிலுள்ள புளத்கொஹுபிட்டிய களுப்பான தோட்டத்தில் லயத்தின்மீது மண் விழுந்து தொழிலாளர் குடும்பங்கள் அழிந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மலைநாடே மிகப் பெரிதும் அடிபட்டது.

மலை சிங்களவன் என்றும் தமிழன் என்றும் பார்த்து விழவில்லை. ஆதலால் நாம் இன்று கேட்பது தமிழருக்கு மட்டுமான சலுகையன்று. அரநாயக்கத் தாய்க்கும் களுப்பானத் தாய்க்கும் ஒரே நீதியைக் கேட்கிறோம்.

மற்ற நாடுகள் செய்வது

1998இல் அமெரிக்காவில் பெலிட்டி, அண்டா என்ற இரு வைத்தியர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மொத்தம் பதினேழாயிரத்துக்கு மேற்பட்டோர் அதிற் பங்குகொண்டனர். சிறு வயதிற் பட்ட கொடுமைகள் எவ்வளவுக்கு அதிகமோ, அவ்வளவுக்கு முதிர்ந்த வயதில் இருதய நோயும் மதுப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் அதிகம் என்று அதில் தெரியவந்தது. அதன் பின்னரே, துயருற்றோரை வைத்தியர் மாத்திரம் பார்த்தாற் போதாது, அவர்கள் வந்து போகும் ஒவ்வொரு பொது நிலையமும் தன் முறையை மாற்றவேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 2014இல் அந்நாட்டு அரசாங்க நிறுவனமொன்று அதற்கு ஆறு நெறிகளை வகுத்தது: பாதுகாப்பு, ஒளிவு மறைவின்மை, அதே துயர் பட்டோரின் துணை, இணைந்து செயற்படல், தெரிவு செய்யும் உரிமையும் பேசும் உரிமையும், மக்களின் பண்பாட்டையும் வரலாற்றையும் பெண்களின் நிலையையும் மதித்தல்.

ஸ்கொத்லாந்து தேசம் 2017இல் ஒரு பயிற்சித் திட்டத்தை வெளியிட்டது. எல்லா ஊழியரும் மனநோய் வைத்தியராக வேண்டும் என்று அது சொல்லவில்லை. நான்கு படிகளை வைத்தது. வாயிலிற் காவல் நிற்பவர் முதற்கொண்டு எவருக்கும் அடிப்படை அறிவு. மக்களோடு நேரிற் பழகுபவருக்கு அதற்கு மேற்பட்ட பயிற்சி. துயருற்றோரோடு தொடர்ந்து பணிபுரிபவருக்கு இன்னும் ஆழ்ந்த பயிற்சி. சிகிச்சை செய்யும் நிபுணருக்கு முழுப் பயிற்சி. ஸ்கொத்லாந்திலிருந்து வந்த துரைமார் பலர் நம் பாட்டன்மாரைப் பிரட்டுக்களத்திலே நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். அந்தத் தேசம் இன்று தன் மக்களுக்குச் செய்வதை நம் மக்களுக்கும் செய்யுங்கள் என்று கேட்பதிலே என்ன தவறு?

இங்கே செய்யவேண்டியன

முதலாவது, ஒரு முறை சொன்னாற் போதும் என்ற ஒழுங்கு வேண்டும். இறப்பையோ இழப்பையோ பற்றிய விபரத்தை ஒருவர் ஒரு தடவை, ஒரு தனியறையில், இருக்கையில் அமர்ந்து சொல்லட்டும். அதை எழுதி அவர் ஒப்பத்தோடு கோவையில் வைத்தால் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் அதையே பயன்படுத்தலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

இரண்டாவது, மொழி. நிருவாக மொழி சிங்களமாயுள்ள பிரதேசத்திலும், எந்த உத்தியோகத்தரோடும் தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு உரிமை தருகிறது. பிறர் மொழியிலே கடன் கேட்கலாம். பிறர் மொழியிலே அழ முடியுமா? துயரைச் சொல்லும் மேசைக்காவது தமிழறிந்த ஒருவர் முதலில் நியமிக்கப்படவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்து வா என்பது தீர்வன்று. அந்தப் பிள்ளையின் காதில் விழக்கூடாதவையும் அங்கே உண்டு.

மூன்றாவது, வைத்தியசாலை. ‘எனக்கு மனத்துயர்’ என்று எவரும் வந்து சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, உறக்கமின்மை என்றே வருவார்கள். தோட்ட வைத்தியரும் குடும்பநல உத்தியோகத்தரும் மருந்தோடு இரண்டு வார்த்தை கேட்கப் பழகவேண்டும். தேவையானோரை மனநல வைத்திய அதிகாரியிடம் சேர்ப்பிக்கவேண்டும். 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் தமிழில் எழுதப்படட்டும்.

நான்காவது, பாடசாலை. மழை இருட்டினால் நடுங்கும் பிள்ளை, வகுப்பிலே உறங்கும் பிள்ளை, காரணமின்றிச் சண்டை பிடிக்கும் பிள்ளை - இவர்களைப் பிரம்பால் திருத்த முடியாது. உடற்றண்டனை கூடாதென்று கல்வியமைச்சு 2016இலேயே சுற்றறிக்கை விடுத்துள்ளது. அந்தப் பிள்ளையிடம், “உனக்கு என்ன கேடு?” என்று கேட்பதை விட்டு, “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்கும் ஆசிரியர் வேண்டும்.

ஐந்தாவது, அனர்த்த எச்சரிக்கை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற்றம் என்பது கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. இவ்வறிவித்தல் நள்ளிரவிலே ஒலிபெருக்கியில், புரியாத மொழியில், அதிகாரத் தொனியில் வந்தால், 1981இல் ஓடியவனுக்கு அது எதை நினைவூட்டும்? மழைக் காலத்துக்கு முன்பே, பகலிலே, அறிந்த முகங்களால், எங்கே போவது, எதை எடுப்பது, ஆட்டையும் மாட்டையும் என்ன செய்வது என்று பேசி முடிவு செய்திருக்கவேண்டும். முகாமில் பெண்களுக்குத் தனி மறைப்பும், இரவிலே வெளிச்சமும், குடும்பம் பிரியாத இடமும் இருக்கவேண்டும்.

ஆறாவது, உத்தியோகத்தரின் துயர். மண்ணைத் தோண்டிச் சடலம் எடுத்தவரும், இறந்தோர் பட்டியலை எழுதியவரும் மனிதர்களே. களைத்துக் கல்லான நெஞ்சு பிறர் துயரைக் கேளாது. அவர்களுக்கும் ஓய்வும் துணையும் வேண்டும்.

மறுப்புகளுக்கு விடை

“வயிற்றுக்குச் சோறில்லை, மனத்துக்கு மருந்தா?” என்று ஒரு தோழர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சரியக்கூடிய மலையடியிலே மனிதனை இருத்திவிட்டு அவன் மனத்தைத் தேற்ற வருவது வெறும் ஏமாற்று. அதனால்தான் பாதுகாப்பு முதல் நெறியாக நிற்கிறது. காணியும் வீடும் கேட்கும் போராட்டத்துக்கு இது மாற்றன்று. அதற்கு இன்னொரு நியாயம். ஆபத்தான லயத்திலிருந்து ஒருவரைப் பெயர்க்காமல் வைத்திருப்பது, ஆறாத புண்ணிலே அன்றாடம் கோல் விடுவதாகும்.

“பழையதைக் கிளறினால் எல்லோரும் நோயாளராவர்” என்பார் சிலர். யாரையும் வற்புறுத்திப் பேசவைக்கலாகாது என்பதையே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அது கற்பிக்கும் முதலுதவி மூன்றே சொற்களில் அடங்கும்: பார், கேள், இணை. போரால் அடிபட்ட நாடுகளில் ஐவரில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு உண்டென்று அதன் மதிப்பீடு கூறுகிறது. ஆகவே, பெரும்பாலோர் உற்றார் துணையோடும் உழைப்போடும் வழிபாட்டோடும் எழுந்து நிற்கிறார்கள். அவர்களை நோயாளர் என்று நாம் கூறவில்லை. அவர்களை மறுபடி தள்ளி விழுத்தாதே என்றே கூறுகிறோம்.

“பணம் எங்கே?” என்பார் வேறு சிலர். ஒரு நாற்காலி, ஒரு மறைப்பு, தமிழில் ஒரு படிவம், தணிந்த ஒரு குரல் - இவற்றுக்குத் திறைசேரி காலியாகிவிடாது. தோட்டங்களுக்குள்ளே செலவிட முடியாதென்று பிரதேச சபைகளுக்கு இருந்த தடையும் 2018இன் திருத்தச் சட்டத்தோடு நீங்கிவிட்டது. இனி அந்தச் சாக்கும் இல்லை.

நமது பங்கு

அரசாங்கத்தைக் குறைகூறிவிட்டு நாம் மட்டும் தப்பிவிடலாமா? தொழிற்சங்க அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வந்த பெண்ணை, “சந்தாப் பற்றுச்சீட்டு இருக்கிறதா?” என்று முதலிற் கேட்டவர்கள் நம்மவரே. கணவன் அடித்தான் என்று வந்தவளை, “அனுசரித்துப் போ அம்மா” என்று திருப்பி அனுப்பியவர்களும் நம்மவரே. கோயிற் சபையிலும் தோட்டக் கமிட்டியிலும் நாம் பேசும் முறை மாறாமல், கச்சேரியிற் பேசும் முறை மாறவேண்டும் என்று கேட்க நமக்கு வாய் ஏது? இங்குள்ள ஆசிரியர்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் மாதத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குவார்களா? விவசாயப் பெருமக்கள் தம் சங்கக் கூட்டத்திலே இதற்கு அரைமணி நேரம் தருவார்களா? கையுயர்த்திப் பதில் சொல்ல வேண்டா. செய்து காட்டினாற் போதும்.

இக்கூட்டத்தின் முடிவில் மூன்று வேண்டுகோள்களை எழுதி உங்கள் ஒப்பத்தோடு பிரதேச செயலகத்துக்கு அனுப்ப எண்ணியுள்ளோம். இழப்பைப் பற்றி ஒரு முறை மட்டும் கேட்கும் ஒழுங்கு. தமிழறிந்த ஒருவர் அமரும் தனி மேசை. அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் எச்சரிக்கை பற்றிய ஒரு கூட்டம். இவை மூன்றும் ஆறு மாதத்துள் ஆகக்கூடியவை. ஆகாவிட்டால் மீண்டும் இதே மண்டபத்திற் கூடி ஏன் ஆகவில்லை என்று கேட்போம்.

தொடக்கத்திற் கூறிய அந்தத் தாயை நாம் பின்னர் தேடிச் சென்று கண்டோம். அலுவலகத்துக்கு மீண்டும் போக உடன்படுவாரா என்று கேட்டோம். “போகலாம் ஐயா. யாராவது ஒருத்தர் கூட வந்து, நான் சொல்ல முடியாத இடத்தில் எனக்காகச் சொன்னால் போதும்” என்றார். அவர் கேட்டது கருணையன்று, காசுமன்று. பக்கத்திலே ஓர் ஆள். அந்த ஆளாக நிற்க அரசாங்கம் கற்றுக்கொள்ளும்வரை, நாம் நிற்போம்.